செவ்வாய், நாலு மணி

— இன்னொரு தபா படி பரசு. மெதுவாப் படி.

— “செவ்வாய் மாலை நாலு மணி. நான் சுகம். பயப்படாதே. வேலாயுதம்.” அவ்ளோதான் அண்ணி.

— தாயே காமாட்சி! ரெண்டு நாளா தொண்டையில தண்ணி எறங்கல எனக்கு. பிஜித் தீவுல செவ்வாக்கெழம காத்தால பத்து மணிக்குப் புயல்னுதானே ரேடியோவுல சொன்னான்? உங்கண்ணன் சாயங்காலம் நாலு மணிக்குத் தந்தி குடுத்திருக்காரு. பொழைச்சிக்கினாரு! இரு, எதனா இனிப்பு கிண்டறேன். இன்னாபா, மூஞ்ச அப்படி வச்சிக்கினு நிக்கிற?

— ஒண்ணுமில்ல அண்ணி. நீ தறியில உக்காரு.

— பட்டு எங்கயும் ஓடிடாது. வெரல மடக்கி இன்னா எண்ணிக்கினு இருக்க?

— இரு அண்ணி, இரு. கணக்குப் போட்டுக்கினு இருக்கேன். ரேடியோவுல சொன்ன பத்து மணி, நம்ம ஊரு பத்து மணி. இந்திய நேரப்படின்னு சொன்னத என் காதால கேட்டேன். அங்க கடிகாரம் நம்மள விட ஆறரை மணி முந்தி ஓடுது. நம்ம காத்தால பத்துன்னா, அங்க சாயங்காலம் நாலரை.

— நாலரையா? இவரு நாலுன்னு இல்ல எழுதியிருக்காரு?

— ஆமா.

— அப்போ... புயலுக்கு முன்னாடியா?

— அரை மணி முன்னாடி.

— ஐயோ! அவரு வேல பாக்கற ஸ்கூலு கடலோரம் பரசு. தகரக் கூரை. ஜன்னல் கம்பியில தெனம் உப்பு தொடைக்கறேன்னு எழுதியிருந்தாரு. ஓடு, போஸ்டாபீசுக்கு ஓடு. திருப்பித் தந்தி குடு!

— அங்கேர்ந்துதான் வரேன். அண்ணன் இருக்கற சின்னத் தீவுக்கு இப்போ தந்தி லைனே இல்லியாம். எப்பத்துலேர்ந்துன்னு கேட்டா, தெரியாதுன்றாங்க. இந்தத் தந்திக் காயிதத்துல அனுப்பின நேரமும் போடல.

— பாவி நான். அங்க தெனம் மழைன்னு எழுதுவாரு. நாங்க குழாயடியில குடத்தோட அடிச்சிக்கினு சாவறோம், கொஞ்சம் தண்ணிய இந்தப் பக்கம் அனுப்புங்கன்னு கேலி பண்ணி எழுதினேன். என் வாயில மண்ணு விழ!

— அழாத அண்ணி. இரு... இரு! வாட்சு!

— எந்த வாட்சு?

— அண்ணன் கைவாட்சு! வாத்தியார் வேலைக்குக் கெளம்பின அன்னிக்கு, முனிசிபாலிடி சங்கு ஊதறப்போ நேரம் வச்சிக்கினாரே. ஊருக்குத் திரும்பி வர்ற வரைக்கும் இந்த முள்ளத் தொட மாட்டேன்னாரே. அஞ்சு வருசமா ஒவ்வொரு லெட்டர்லயும் மேல நேரம் போடறாரு. அதெல்லாம் நம்ம காஞ்சீபுரத்து நேரம்தானே?

— ஆமா...

— அப்போ தந்தியில போட்ட நாலு மணியும் நம்ம நாலு மணி! புயல் அடிச்சி ஆறு மணி நேரம் கழிச்சி எழுதியிருக்காரு. அண்ணன் உயிரோட இருக்காரு அண்ணி! போ, இனிப்பு கிண்டு!

— அந்த வாட்சப் பாத்து இன்னா பண்ணிக்கினு இருந்தாரு தெரியுமா? இங்க நான் ஆறரைக்கு விளக்கு வைக்கறேன் இல்ல, அங்க அது ராத்திரி ஒரு மணி. தெனம் அந்நேரத்துக்கு எழுந்து, நானும் உன் கூடவே கும்புடறேன்னு உக்காந்துக்கினு இருந்தாரு. தூக்கம் கெட்டு, காய்ச்சல்ல படுத்துட்டாரு.

— சரி, அதுக்கு இன்னா இப்போ?

— நான்தான் பரசு லெட்டர் போட்டேன். என் தாலி மேல ஆணை, முள்ள அந்த ஊரு நேரத்துக்குத் திருப்பி வச்சிட்டு நல்லாத் தூங்குங்கன்னு. போன வெள்ளிக்கெழம பதில் வந்துது. “திருப்பிட்டேன் காந்தா”ன்னு.