ஒருவர் மட்டும் விழித்திருந்த வார்டு

இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள். இது நம் புருஷோத்தமனின் சித்தப்பா வெற்றிவேலுக்கு நடந்தது.

2006, ஐப்பசி மாதம். ராத்திரி ஒன்பது மணி. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஷிப்ட் முடித்து, மழை ஈரத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. கால் ஒடிந்து ஆண்கள் வார்டில் கிடந்த அண்ணன் தெய்வசிகாமணி, துணைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்.

வார்டு வாசலில் இளம் டாக்டர் ஒருவர் நர்ஸ் சிவசங்கரியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "மத்த வார்டுல தூக்க மாத்திரை குறையுது. இங்க மட்டும் ஏம்மா வருஷா வருஷம் ஏறுது?"

"தூக்கம் வரலன்னு கேக்கறாங்க சார்." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணன் தம்பியின் கையை இறுக்கிப் பிடித்தார். "எனக்காவ முழிச்சிக்கினு இருடா. கண்ணு அசந்துடாத."

அப்பா செத்த பிறகு தூக்கி வளர்த்த அண்ணன். எப்படி மறுப்பார்? சரி என்றார். அண்ணன் மாத்திரையை விழுங்கினார். பக்கத்துக் கட்டில்காரரும்... எதிர்க் கட்டில்காரரும்... துணைக்கு வந்தவர்கள்கூட! சிவசங்கரி தன் அறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

வார்டு முழுக்கக் குறட்டை. அப்புறம்... அதுவும் நின்றது.

கோடியில் ஒரு ஸ்டூல் நகர்ந்தது. கிர்ர்ர்... ஒரு கட்டிலருகே நின்றது. யாரோ குனிந்து பார்ப்பது போல ஒரு மூச்சு. மறுபடி கிர்ர்ர்... அடுத்த கட்டில். காயாத தலைமுடி வாடை. வெற்றிவேல் அண்ணனைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை.

ஸ்டூல் அவரருகே வந்து நின்றது. அதில் யாரும் இல்லை. காதோரம் களைத்துப்போன பெண் குரல்... "அப்பாடா... நீயாச்சும் முழிச்சிருக்கியே."

விடிந்ததும் அண்ணனைக் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "முழிச்சிருக்கிறவன்கிட்டதான் உக்காரும். எல்லாரும் தூங்கிட்டா ஒருத்தர எழுப்பிடும். முந்தாநேத்து என்னை எழுப்புச்சு. வேற யாரடா நான் கூப்பிடுவேன்?"

வெற்றிவேல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கருவடிக்குப்பத்து வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று ராத்திரி, வீட்டுக் கூடத்தில்... கிர்ர்ர்.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கமே இல்லை. மனைவி அமிர்தவல்லியிடம் மட்டும் சொன்னார். அவள் அழுதாள். "நான் இருக்கேன்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டு கூடவே விழித்திருந்தாள். அண்ணன் விட்டாலும் இவள் விடமாட்டாள் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அவளேதான் ஒருநாள் காலையில் டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

அதே இளம் டாக்டர். வெற்றிவேலின் சிவந்த கண்ணைப் பார்த்தார். "இவருக்குத் தூக்க மாத்திரை எழுதட்டுமாம்மா?"

அமிர்தவல்லி கணவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அவருக்கு வேணாம் டாக்டர்... எனக்கும் பிள்ளைங்களுக்கும் குடுங்க."