எந்த இடது

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று குட்டையாக இருக்கிறது, ஐயா. ஒரு தாளை நான்காக மடித்து அடியில் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். இருபத்தேழு வருடம் இருக்கைகளோடு குடும்பம் நடத்தியவன். எங்கே போனாலும் கண் முதலில் அங்கேதான் போகும்.

நீங்கள் லேபிளைப் பற்றி விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறீர்கள். விமானம் தரையிறங்கி எல்லோரும் போன பிறகும் ஒரு பெரியவர் தன் இருக்கை அறைக்குள் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டதாகப் புகார் என்றீர்கள். அவர் நலமாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம். அந்த லேபிளை எழுதியவன் நான்தான். ஆனால் அதைச் சொல்லத் தொடங்கினால் என் மனைவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பழைய பிசினஸ் கிளாஸில் எல்லா இருக்கைகளும் விமானத்தின் மூக்கைப் பார்த்து, வகுப்பறைப் பிள்ளைகள் போல வரிசையாக இருக்கும். புதிய அமைப்பில் ஒரு வரிசை மூக்கைப் பார்க்கும், அடுத்த வரிசை வாலைப் பார்க்கும். இப்படி மாற்றி மாற்றி வைத்தால் அதே இடத்தில் முப்பத்தாறு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். ஒவ்வொரு இருக்கைக்கும் கூரைவரை எட்டும் சுவர், ஒரு தள்ளுகதவு. சுவருக்குள் சத்தத்தை விழுங்கும் அட்டை வைக்கச் சொன்னது நான். பக்கத்து அறைக்காரர் குறட்டை விட்டாலும் கேட்காது. "வீட்டு அனுபவத்துல வந்த யோசனையா, மேஸ்திரி?" என்று பட்டறையில் கேலி செய்தார்கள். அங்கே எல்லோருக்கும் நான் மேஸ்திரிதான். ஷெட்டுக்குள் ஒரு மாதிரிக் கேபினைக் கட்டி நிறுத்திச் சோதனைகளை நடத்திவைப்பது என் பொறுப்பு.

அறைக் கதவைத் திறக்கும் பிடி, உட்கார்ந்திருப்பவரின் எதிர்ச்சுவரில், திரைக்குக் கீழே இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் கதவு விடுபடும். மறுபக்கம் தள்ளினால் தாழ் விழும். பதற்றத்தில் முழு பலத்தோடு தள்ளிவிட்டால் தாழ் கவ்விக்கொள்ளும். அப்புறம் வெளியிலிருந்து சாவி போட்டால்தான் உண்டு. கதவு விடுபடும் பக்கம் எல்லா அறைக்கும் ஒன்றே, விமானத்தின் இடது. "ஆபத்தில் பிடியை இடது பக்கம் தள்ளவும்." ஐந்தே சொல். அதுதான் என் லேபிள்.

எங்கள் தொழிலில் இடது என்றால் மூக்கைப் பார்த்து நிற்பவனின் இடது. நீங்கள் வாலைப் பார்த்து உட்கார்ந்தாலும் தலைகீழாகத் தொங்கினாலும் அது மாறாது. இந்தப் பழக்கம் எனக்கு வீடுவரை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குத் தெருவாசல்தான் மூக்கு. "கத்தரிக்கோல் அலமாரியில இடது பக்கம் இருக்கு" என்பேன். அவள் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்பாள். கல்யாணமான புதிதில் இதற்காக எத்தனையோ சண்டை. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "நீங்க இடதுன்னா நான் வலதுன்னு வச்சுக்கறேன். சண்டையும் இல்ல, சச்சரவும் இல்ல."

அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். லேபிளின் அச்சுப்படியை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் கிடந்ததை எடுத்துப் படித்தாள். பழக்கதோஷம், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து 'இடது' என்ற சொல்லின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

"யாரோட இடது?"

"விமானத்தோட இடது."

"விமானமா கதவைத் திறக்கப் போகுது?"

நான் சிரித்தேன். அவள் உள்ளே போன பிறகு அந்தக் கேள்விக்குறியை ரப்பர் வைத்து அழித்தேன். லேசாகத்தான் போட்டிருந்தாள், சுலபமாகப் போய்விட்டது.

இனி சோதனை. முன்பின் தெரியாத முப்பத்தாறு பேரை வரவழைத்து அறைகளில் உட்காரவைப்பார்கள். விபத்தில் கதவுகள் மூடிக்கொண்டதாக வைத்துக்கொண்டு எல்லாக் கதவையும் மூடுவார்கள். ஷெட்டை இருட்டாக்கி மணி அடித்தால், தொண்ணூறு வினாடிக்குள் கடைசி ஆள்வரை வெளியே வந்துவிட வேண்டும். முதல் சோதனையில் ஒருவர் மாட்டிக்கொண்டார். கதவு ஓடும் தண்டவாளத்தில் தூசி என்றேன். இரண்டாவதில் இருவர். எல்லோரும் போன பிறகு, வாலைப் பார்த்த ஓர் இருக்கையில் உட்கார்ந்தேன். என் வாழ்நாளிலேயே அன்றுதான் முதல்முறை. அதுவரை எல்லாவற்றையும் நின்றுகொண்டே, மூக்கைப் பார்த்தபடியே சரிபார்த்திருக்கிறேன். லேபிளைப் படித்தேன். என் கை தானாக என் இடது பக்கம் போனது. அது விமானத்தின் வலது.

பதினெட்டு அறைகளில் லேபிள் ஆளைத் திறக்கச் சொல்லிப் பூட்டவைக்கிறது. நிதானமானவர்கள் ஒரு பக்கம் வரவில்லை என்றால் மறுபக்கம் தள்ளிப் பார்ப்பார்கள். பதறுகிறவர்கள்தான் மாட்டுவார்கள். ஆனால் எரிகிற விமானத்தில் யார் பதறாமல் இருப்பார்கள்?

மூன்றாவது சோதனையும் தோற்றால் வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும் என்று பேச்சு அடிபட்டது. நூற்று நாற்பது குடும்பம். அந்த எண்ணை நான் தினமும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த ஐந்து சொல். கடைசியில், வாலைப் பார்த்த அறைகளில் உட்காரவைக்க, எங்கள் குடியிருப்பில் தெரிந்தவர்கள் பதினெட்டுப் பேரைப் பிடித்தேன். எங்கள் வீட்டு நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, பிடிக்குப் பதிலாகச் சுவரில் கரண்டியை மாட்டி, "வலது பக்கம் தள்ளுங்க, லேபிளைப் பார்க்காதீங்க" என்று ஒரு வாரம் பழக்கினேன். என் மனைவிதான் எல்லோருக்கும் காபி கொடுத்தாள். எதற்கு இந்தக் கூத்து என்று அவள் கேட்கவில்லை. தான் வருடக்கணக்காய்ச் செய்கிற வேலைக்கு இவர்களுக்கு ஏன் ஒத்திகை என்று நினைத்திருப்பாள்.

சோதனையன்று அவளும் வந்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் இத்தனை பேர் வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆள் குறைந்தால் உதவ, உபரியாகப் பெஞ்சில் உட்காரவைத்திருந்தேன். அவளுக்கு மூச்சுத் தொல்லை உண்டு. உள்ளே பையை எடுத்துப்போகக் கூடாது என்பதால் கைப்பையை என்னிடம் கொடுத்தாள். இன்ஹேலர் அதில்தான் இருந்தது, பக்கவாட்டு ஜிப்புக்குள்.

நான் பழக்கிய பதினெட்டுப் பேரில் மருந்துக்கடைக்காரர் ஒருவர். முழங்காலில் கட்டுப் போட்டு வந்திருந்தார். விமானத் துறையிலிருந்து வந்த பரிசோதகர் அவரை எழுப்பிவிட்டு, பெஞ்சில் இருந்த என் மனைவியைப் பார்த்துக் கை காட்டினார். எட்டாவது வரிசை. வாலைப் பார்த்த அறை.

அவள் உட்கார்ந்தாள். லேபிளைப் படித்தாள். தலையை நீட்டி, பரிசோதகரின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, இது எந்த இடது?"

பரிசோதகர் என்னைப் பார்த்தார். வலது என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னால், லேபிளில் ஏன் அப்படி இல்லை என்ற கேள்வி வரும்.

"எழுதியிருக்கறபடி செய்ம்மா" என்றேன்.

இருபத்தேழு வருடமாக என் இடதை வலதாக்கிக்கொண்டவள். அன்று ஒருநாள் நான் சொன்னதை அப்படியே கேட்டாள்.

மணி அடித்தது. வாசலில் எண்ணும் கருவியோடு நின்றவன் நான். முப்பத்தைந்து பேர் வந்தார்கள். எண்பத்துநான்காவது வினாடியில் என் கட்டைவிரல் இன்னொரு முறை அழுத்தியது. அப்படிச் சொல்லக் கூடாது. நான் அழுத்தினேன். "முப்பத்தாறு?" என்று பரிசோதகர் கேட்டார். "முப்பத்தாறு" என்றேன். ஷெட்டில் கைதட்டல்.

விளக்கைப் போட்டதும் பரிசோதகர் உள்ளே ஒரு நடை நடந்தார். எல்லாக் கதவும் திறந்திருக்க, ஒன்று மட்டும் மூடியிருந்தது. "தானா சாத்திக்கும், ஸ்பிரிங்கை மாத்தணும்" என்றேன். சொல்லிக்கொண்டே அந்தச் சுவரில் கையை ஊன்றி நின்றேன். என் குரல் உள்ளே கேட்டிருக்க வேண்டும். உள்ளே தட்டினாள். அட்டை நல்ல அட்டை, வெளியே ஒன்றும் கேட்கவில்லை. என் உள்ளங்கைக்கு மட்டும் தெரிந்தது. மூன்று மூன்றாகத் தட்டினாள். வீட்டில் நான் குளிக்க நேரமாக்கினால் அப்படித்தான் தட்டுவாள்.

பரிசோதகர் திரும்பி நடந்தபோது, அந்தக் கதவுக்கு மேலே பணிப்பெண்ணை அழைக்கும் விளக்கு எரிந்தது. மஞ்சள் நிறம், தூரத்திலிருந்தே தெரியும்படி நாங்கள்தான் தேர்ந்தெடுத்தோம். அவர் பார்ப்பதற்குள் நான் போய் மாதிரிக் கேபினின் மெயினை அணைத்தேன். விளக்கு அணைந்தது. மெயினை அணைத்தால் அறைகளுக்குள் காற்று வருவதும் நிற்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

பத்து நிமிடத்தில் கையெழுத்து ஆகிவிடும், அப்புறம் திறந்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் கோபப்படுவாள், இரண்டு நாள் பேசமாட்டாள், மூன்றாம் நாள் சரியாகிவிடும். பரிசோதகர் ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் படித்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம். நடுவில் இரண்டு முறை எழுந்து, கழிப்பறைக்கு என்று சொல்லி, கேபின்வரை போனேன். சாவி சட்டைப்பையில் இருந்தது. அவள் கைப்பை என் தோளில் தொங்கியது. முதல் முறை சுவரில் கை வைத்தபோது ஒன்று, இடைவெளி, ஒன்று. இரண்டாவது முறை கை வைத்துப் பார்க்கவில்லை.

சோதனை முடிந்த பிறகு, படுத்துப் பார்க்கும் ஆசையில் தனியாக உள்ளே போயிருக்கிறாள் என்று எல்லோருக்கும் சொன்னேன். மூச்சுத் தொல்லை இருந்தவள் என்பதால் அவள் சாவை யாரும் துருவவில்லை. மகளும் அதைத்தான் நம்புகிறாள். மேனேஜர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பதினோரு மாதம் ஆகிறது. அந்த அமைப்பு இப்போது இருபத்துமூன்று விமானங்களில் பறக்கிறது. வானத்தில் சத்தம் கேட்டால் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்றுதான் இருந்தேன். நூற்று நாற்பது குடும்பத்துக்காகச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இங்கே வந்தேன். சொன்னால் பொய்யாகும். இரண்டாவது சோதனை தோற்ற அன்றே மேனேஜர் என்னிடம் தனியாகக் கேட்டார். "மேஸ்திரி, லேபிள்ல ஏதாவது தப்பா? இருந்தா இப்பவே சொல்லுங்க. மூணு நாள்ல வேற அடிச்சு ஒட்டிடலாம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க." மூன்று நாள். புது லேபிள் பதினெட்டு. பிழை என்னுடையது என்று ஒரு வரி நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"லேபிள் சரிதான்" என்றேன்.

நீங்கள் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடுகிறேன். அவள் தட்டியது எனக்குத் தெரிந்தது, சாவி என்னிடம் இருந்தது, நான் திறக்கவில்லை. எல்லாம் உண்மை. ஆனால் மேலே லேபிளில் பிழை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. மூக்கைப் பார்த்து நின்று படித்துப் பாருங்கள். நான் எழுதியது சரி.