சாமுராயும் தாய்மாமனும்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று புதுவயலில் சொந்த ரைஸ்மில் வைத்திருக்கிறேன். அன்று கார் மக்கர் பண்ணியதால் காரைக்குடியில் பஸ் ஏறினேன். முன்சீட்டில் இரண்டு சிநேகிதர்கள், காலைக்காட்சியில் சாமுராய் என்கிற வாள்வீரனின் ஜப்பான் படம் பார்த்துவிட்டு வந்த சூட்டில் இருந்தார்கள்.

“பசியில சாகக் கெடந்தும், மதிச்சுக் கூப்பிடாத வீட்டுல அந்தச் சாமுராய் சோறு தின்னானா மாப்ளே? நானும் அப்படித்தான்! அக்கா மகளுக்கு இன்னைக்குக் காதுகுத்து. மச்சான் நேர்ல வந்து வெத்தலபாக்கு வைக்காம, ஆள்விட்டுச் சொல்லி அனுப்புறாக. போகவே மாட்டேன்!”

“தாய்மாமன் மடி இல்லாம புள்ள எங்கிட்டு உக்காரும்? ஆசாரி ஊசியோட காத்துக்கிருப்பாரு. ஒங்க அக்கா சபையில தலகுனிஞ்சு நிக்கணுமா?”

பஸ் நின்றது.

“அக்கா ஊரு வந்துருச்சு” என்றார் சிநேகிதர்.

தாய்மாமன் சட்டென்று எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

“புள்ளைய மடியில வச்சுக்கிருவேன். ஆனா அந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்!”

“கெடாக்கறிடா!”

“பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்!”

“அப்ப நானும் வாரேன். ஒன் எலையில ஆராச்சும் உக்காரணும்ல?”

கண்டக்டர் விசில் ஊதுமுன் இருவரும் குதித்து இறங்கி ஓடினார்கள்.