டான்ஸியின் குதிகால்

ஆட்டுக்கு முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறது என்றுதான் நீங்களும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, எங்கள் தொழிலிலேயே பாதிப் பேர் அப்படி நினைத்துத்தான் வரைகிறார்கள். பின்னங்காலில் பின்னால் துருத்திக்கொண்டு தெரிகிறதே, அது முழங்கால் இல்லை, குதிகால். முழங்கால் மேலே வயிற்றோரமாக ரோமத்துக்குள் இருக்கிறது. பிறந்ததிலிருந்து நுனிவிரலிலேயே நிற்கிற பிராணி ஆடு. எழுந்து குதிகாலைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் புரியும். வேண்டாம், உட்காருங்கள், ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

என் தங்கை ரொவீனாவைப் பற்றிக் கேட்டீர்கள். எப்படி இருப்பாள், கண் என்ன நிறம், என்னோடு எப்படிப் பழகினாள் என்று. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன், எதையும் மறைக்கிற எண்ணம் இல்லை. ஆனால் இந்தக் காலைப் புரிந்துகொள்ளாமல் எழுதினால் நீங்கள் எழுதுவது என்னைப் பற்றியதாக இருக்காது.

நான் லைல் ஹாஸ்டெட்டர். படக்கதை வரைகிறவன். என் கதைகளில் மிருகங்கள் இரண்டு காலில் நிற்கும், சட்டை போடும், வாடகை கொடுக்கும், காதலித்து ஏமாறும். கோடை வந்தால் காதும் வாலும் மாட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் பிட்ஸ்பர்க் நகர மையத்தில் திரள்கிறார்களே, அவர்கள் என் வாசகர்கள். உங்கள் போலீஸ் ஆட்களே அவர்களுக்காகப் போக்குவரத்தை நிறுத்திக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சிரிக்காமல் கேட்பதற்கு நன்றி.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்த ஓவியரின் மேசையில் நம் படத்தை வைப்போம். அவர் அதன்மேல் கண்ணாடித் தாளைப் பரப்பி, சிவப்புப் பென்சிலால் எப்படி வரைந்திருக்க வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டுவார். யாரும் எதிர்த்துப் பேச மாட்டோம். மூன்று கோடைக்கு முன்னால் நான் மார்கோ பெல் மேசையில் என் டான்ஸியை வைத்தேன். டான்ஸி வெள்ளாட்டுப் பெண். தேன் நிறக் கண், அதில் ஆட்டுக்கே உரிய படுக்கைவாட்டுக் கருமணி. முகத்தை வரைவதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை. மார்கோ கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். அங்கேயே பென்சிலை எடுத்துவிட்டார்.

"இங்க பாருப்பா, இடுப்பு வரைக்கும் மனுஷி, கீழ ஆடு. நடுவுல யாருமே இல்ல. இவ நிக்கல, ஒட்டி வெச்சிருக்க."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. நரி உடுப்பு போட்ட ஒருவன் தன் பஞ்சுப் பாதத்தால் என் தோளைத் தட்டிக் கொடுத்தான். மார்கோ சொன்னதைப் பொறுத்துக்கொண்டேன். அந்தத் தட்டலைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏனென்றால் மார்கோ சொன்னது சரி. நான் சோம்பேறி இல்லை. இறைச்சிக் கடையிலிருந்து ஆட்டுக்கால் வாங்கி வந்து, தசையை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். நுனிவிரலில் ஆடும் நடனப் பெண்களை உட்காரவைத்து வரைந்திருக்கிறேன். ஆனால் அவர்கள் ஆட்டம் முடிந்ததும் குதிகாலைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். இறக்க முடியும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கும்வரை முதுகு பொய்தான் சொல்லும். இறக்கவே முடியாத ஒரு மனித உடம்பு இடுப்பை எங்கே வைக்கும், கழுத்தை எங்கே கொண்டுபோகும் என்று இந்த நாட்டில் யாருக்கும் தெரியாது. எல்லாரும் ஊகித்து வரைந்து கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ரொவீனாவும் நானும் அம்மா அப்பா விட்டுப்போன வீட்டில் ஒன்றாக இருந்தோம். அவள் தபால்காரி. நம் ஊர் மலைச்சரிவுப் படிக்கட்டுகளில் பை மாட்டிக்கொண்டு ஏறி இறங்குவது அவள் வேலை. அந்த நடைமேல் அவளுக்குப் பைத்தியம். லீவு நாளிலும் அதே படிகளில்தான் உலாவப் போவாள். குளிர்காலத்தில் பனியில் வழுக்கி வந்த ஒரு டிரக் அவளைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. இரண்டு முழங்கால்களுக்கும் கீழே எலும்பு முறிவு, தகடு, ஆணி. அதில் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தாள். சமைத்தேன், குளிப்பாட்டினேன், தலை வாரிவிட்டேன். அவளுக்கு இருந்தது ஒரே கவலை. அவள் பாதையில் போட்டிருந்த மாற்று ஆள் சரியில்லை.

"டேய், அவன் கோவால்ஸ்கி பாட்டியோட மருந்துப் பார்சலைக் கொண்டுபோய் நாய் வீட்டுல போட்டிருக்கான்டா. நான் சீக்கிரம் எழுந்தே ஆகணும்."

மாவுக்கட்டைப் பிரித்தபின் பேட்ரிஸ் என்ற பிசியோதெரபிக்காரப் பெண் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தாள். கெட்டிக்காரி. காப்பீட்டுக்காரர்கள் வழக்கம்போலப் பணம் கொடுப்பதைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். கடைசி நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முன்கையால் பாதத்தை முழங்கால் பக்கமாக அழுத்த வேண்டும். ராத்திரியில் பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கிற கெட்டியான பூட்ஸ் போட வேண்டும். நான் செய்து காட்டியதைப் பார்த்து அசந்துபோனாள்.

"உங்க கைக்கு எலும்பு தெரியுதுங்க, லைல். ஆனா இத விட்றாதீங்க. விட்டா கெண்டைக்கால் நாண் சுருங்கிடும். அப்புறம் குதிகால் தரையத் தொடவே தொடாது."

எவ்வளவு நாளில் சுருங்கும் என்று கேட்டேன். அண்ணன்காரன் பயந்துவிட்டான் என்று நினைத்து என் கையைப் பிடித்துத் தைரியம் சொன்னாள். சில மாதங்கள் போதும் என்றும் சொன்னாள்.

அன்று ராத்திரியே டான்ஸியின் மாதிரித் தாளை வரைந்தேன். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று கதாபாத்திரத்தை முழுசாக வரைந்து வெளியிடாமல் எங்கள் ஆட்கள் யாரும் கதையைத் தொடங்க மாட்டார்கள். அதற்குப் பிறகு அதிலிருந்து ஒரு மயிரிழை விலகினாலும் வாசகர்கள் விட மாட்டார்கள். மாதிரித் தாள் என்பது சத்தியம் செய்து கொடுத்த மாதிரி.

பயிற்சியை ஒருநாளும் விடவில்லை. அதே நேரத்துக்கு, அதே கட்டிலில். பாதத்தை மேல்பக்கமாக அழுத்தாமல் கீழ்ப்பக்கமாக அழுத்தினேன், அவ்வளவுதான் வித்தியாசம். அவளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். பேட்ரிஸ் செய்தபோது ரொவீனா மாத்திரை மயக்கத்தில் பாதி தூங்கிக்கொண்டிருந்தாள். வலித்தால் நல்லது என்று எல்லாருமே அவளிடம் சொல்லி வைத்திருந்தோம். முடிந்ததும் எனக்கு நன்றி சொல்வாள். அவள் தூங்கியபின் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போர்வையை விரல்கள் கீழே சாய்கிற மாதிரி இறுக்கிச் செருகுவேன். விழிப்பதற்குள் திரும்ப மாட்டிவிடுவேன். எங்கள் ஆட்கள் உடுப்புத் தைக்கிற நுரைப்பஞ்சில் குதிகால் உயர்ந்த செருப்பு ஒன்று செய்து, டாக்டர் சொன்னார் என்று கொடுத்தேன். அழகான வேலை அது, நீங்கள் எடுத்துப்போன பெட்டியில் இருக்கும். டாக்டர் எலும்பைப் பார்க்கிறவர், எலும்பைப் பார்த்தார். நன்றாகக் கூடியிருந்தது. பயிற்சி வீட்டில் நடக்கிறது என்று நான் சொன்னேன், அவருக்கும் அது போதுமாக இருந்தது.

கோடை தொடங்குகிற சமயத்தில் அவளை முதல்தடவை எழுப்பி நிறுத்தினேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குதிகால்கள் அந்தரத்தில் இருந்தன. இடுப்பு முன்னால் கவிழ்ந்தது, நடுமுதுகு உள்ளே வாங்கியது, விழாமல் இருக்கத் தலை தானாக முன்னே வந்தது. மார்கோ யாருமே இல்லை என்று சொன்ன அந்த நடுப்பகுதி என் கண்முன் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தன்னைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்று நினைத்தாள், அது உண்மைதானே.

"ஏன்டா குதி கீழ போகவே மாட்டேங்குது?"

பழகிவிடும் என்றேன். அதில் பொய் ஏதும் இல்லை. உடம்பு எதற்கும் பழகும்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் என்னைப் பேராசைக்காரன் என்று நினைப்பது போல இருக்கிறது. ஆட்டுக்குத் தோளையும் மார்பையும் சேர்க்கிற காறையெலும்பே கிடையாது, தெரியுமா உங்களுக்கு. ரொவீனாவுக்கு இரண்டு காறையெலும்பும் இன்றும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அவள் விரும்பித்தான் எனக்காக நின்றாள். கட்டிலிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து கட்டிலுக்கும் கோலை ஊன்றிக்கொண்டு நடப்பாள், நான் வரைவேன். அவளுக்கும் பொழுது போக வேண்டுமே. முடித்த பக்கங்களைக் காட்டினால் சிரிப்பாள்.

"இது என் இடுப்புடா. திருடா. ஆட்டுக்கு நல்ல நடை குடுத்திட்ட, எனக்கும் கொஞ்சம் குடேன்." இன்னொரு நாள், "ஒருதடவையாவது என் மூஞ்சிய வரையேன்டா. எப்பப் பாத்தாலும் அந்த ஆட்டு மூஞ்சிதானா?"

முகம் எனக்குத் தேவைப்படவில்லை. முகம் டான்ஸியுடையது, அது ஏற்கெனவே முடிந்திருந்தது.

புத்தகம் என்ன ஆயிற்று என்று நீங்களே விசாரித்திருப்பீர்கள். இந்த வட்டாரத்தில் யாருக்கும் அந்த மாதிரி வரவேற்பு கிடைத்ததில்லை. போன கோடையில் அதே மார்கோ மேசையில் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடித் தாளை விரித்தார், சிவப்புப் பென்சிலை எடுத்தார், பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"வந்துட்டாப்பா," என்றார். "நடுவுல ஆள் வந்துட்டா."

கோல்களில் தொங்கியபடி என் பக்கத்தில் நின்ற ரொவீனா, "நான்தாங்க அந்த ஆளு," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், யாரோ அவளுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை இருந்தது. பாதிக்கப்பட்டவள் என்று நீங்கள் எழுதுகிற பெண் அவள்தான், அன்று அங்கே யாரும் அவளை அப்படிப் பார்க்கவில்லை.

அந்தப் பெருமைதான் என்னை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது. இந்த வருஷம் பிறந்ததும் காப்பீட்டுக்காரர்கள் மறுபடி பயிற்சிக்குச் சம்மதித்தார்கள். நான் அச்சகத்துக்குப் போயிருந்த நாளில், அவள் தோழியின் காரில் பேட்ரிஸைப் பார்க்கப் போயிருக்கிறாள். கையோடு என் புத்தகத்தைப் பரிசாக எடுத்துப் போயிருக்கிறாள். பேட்ரிஸ் முதலில் பாதத்தைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தாள். அங்கே மாதிரித் தாளை அச்சிட்டிருந்தேன், தேதியோடு. எங்களில் யாரும் தேதி போடாமல் மாதிரித் தாளை வெளியிட மாட்டோம். கதாபாத்திரத்தை இன்னொருவன் திருடிவிட்டால் தேதிதான் சாட்சி.

மறுநாள் பேட்ரிஸ் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள். டான்ஸியின் இடது காலில், ரோமத்துக்கு நடுவே, ரொவீனாவின் ஆபரேஷன் தழும்பு கீழ்நுனியில் வளைந்து போகிறது. மெலிந்து மேலே ஏறிப்போன கெண்டைக்கால் தசை, தூக்கிய குதிகால், எல்லாம் அதில் இருந்தன.

"இந்தத் தேதியில நான் உங்க வீட்டுல இருந்தேன். என் கையால அளந்தேன், கட்டில்ல உக்காந்தபடி அவ பாதம் தரையில சமமா பதிஞ்சுது. அவ கால் இப்படி ஆகப் போகுதுன்னு உங்களுக்கு அன்னிக்கே எப்படித் தெரியும்?"

தெரியாது என்றேன், முடிவு செய்திருந்தேன் என்றேன். அவள் உங்களுக்குப் போன் செய்யும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன், தடுக்கவில்லை. சரியான கேள்வி என்று அவள் கேட்டதற்கு மரியாதை கொடுத்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். கைதவறிச் செய்ததில்லை, அசட்டையால் நேர்ந்ததில்லை. அப்படி எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். நாணை வெட்டி நீட்டப் போகிறார்கள் என்கிறீர்கள். பாதிதான் சரியாகும், படிக்கட்டில் தபால் பை தூக்க இனி முடியாது என்கிறீர்கள். இரண்டாவது புத்தகம் முடியவில்லை, அதற்குள் வெட்டுகிறார்கள். அந்த நடை இந்த உலகத்தில் வேறு எந்த உடம்பிலும் இல்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்கிறீர்கள். ஊகித்து வரைகிறவர்கள் முதலில் கேட்கட்டும்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. நீ அவளை ஒரு மனுஷியாகவே பார்க்கவில்லை என்று சற்று முன் சொன்னீர்களே, அதற்கு. நான் அவளைப் பார்த்த அளவுக்கு எந்த அண்ணனும் தங்கையைப் பார்த்திருக்க மாட்டான். தாள் கொடுங்கள், கண்ணை மூடிக்கொண்டே அவளை அங்குலம் அங்குலமாகப் போட்டுக் காட்டுகிறேன். என்ன கேட்டீர்கள் முதலில், கண்ணா? தேன் நிறம். கருமணி படுக்கைவாட்டில், கொஞ்சம் நீளமாக இருக்கும்.