ரமாபாய் அக்கா அஜாக்கிரதையாக அறுக்கவில்லை

தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் செங்குட்டுவன் அண்ணன் அவர்களே, விறகு வாங்கியே எங்களுக்கு உறவாகிவிட்ட யாசின் பாய் அவர்களே, எம்.கே.பி. நகர்த் தாய்மார்களே, எண்ணூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் குப்பத்து மக்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ரமாபாய் அக்காவின் மகளே மதி, அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் சில்வியா. ராயபுரத்துக்காரி. விறகறுக்கும் மகளிர் குழுவின் செயலாளர். எங்கள் தலைவர் ரமாபாய் அக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு பதினாறு நாள். எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கூடுதலானால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று விட்டால் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு மறுபடி வராது.

ரமாபாய் யார்? வியாசர்பாடியில் விறகு பிளந்து விற்கும் தொட்டியில் பதினெட்டு வயதில் கோடாலி பிடித்தவர். கணவர் போன பிறகும் அந்தக் கோடாலியை விடாமல் மகளைக் கல்லூரி வரை படிக்கவைத்தவர். தொட்டியை மூடியபோது, "மரம் வியுறது நிக்கப் போவுதா? வா, மெஷின் கத்துக்கலாம்" என்று எங்கள் ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு போனவர். அந்த மெஷின்தான் செயின் ரம்பம். கையில் பிடித்தால் தோள் வரை அதிரும். நாங்கள் எல்லோரும் பயந்தோம். அக்காவும் பயந்தார். ஆனால் அவர் அந்தப் பயத்தை மறைக்கவில்லை, அதை எங்களுக்குப் பாடமாக்கினார்.

தலையில் ஹெல்மெட் இல்லாமல் அவர் மெஷினை முடுக்கியதை யாராவது பார்த்ததுண்டா? கண்ணாடி, கையுறை, பூட்ஸ் இல்லாமல்? துறைமுகத்தில் கழித்துப்போட்ட ஹெல்மெட்டுகளைத் தேடித் தேடி வாங்கி, உள்பட்டையை மாற்றி எங்கள் தலையில் மாட்டினார். விழுந்த மரத்தைத் தொடுவதற்கு முன் அதை ஒரு சுற்று நடந்து வருவார். எந்தக் கிளை வளைந்து விறைத்திருக்கிறது, எது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்ப்பார். பிறகு கயிறு கட்டி வட்டம் போடுவார். அறுக்கும்போது அந்த வட்டத்துக்குள் அவரைத் தவிர ஓர் ஈ கூட இருக்கக்கூடாது. தோளுக்கு மேலே மெஷினைத் தூக்கவிடமாட்டார். "ரம்பத்தோட மூக்கு மரத்துல இடிச்சிச்சுன்னா மெஷின் உன் மூஞ்சிக்குத்தான் வரும். அது உன் தோஸ்து இல்ல" என்பார்.

யாசின் பாய் இங்கே இருக்கிறார், அவரையே கேளுங்கள். போன வருஷம் ஒரு கல்யாண பிரியாணிக்கு அவசரமாக விறகு கேட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது, மரமெல்லாம் வழுக்கியது. அக்கா முடியாது என்றார். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "பிரியாணி அப்பால கூட வேவும் பாய். கை போனா மொளைக்குமா?" என்று அக்கா கேட்டார். பாய் வேறெங்கோ விறகு வாங்கினார். மறு வாரம் தானே எங்கள் இடத்துக்கு வந்து, "உன்கிட்டயே வாங்கிக்கிறேன் ரமா" என்றார்.

அப்படிப்பட்டவரைப் பற்றி இன்று என்ன பேசுகிறார்கள்? பொம்பளைக்கு எதற்கு மெஷின் என்கிறார்கள். அஜாக்கிரதையாக அறுத்து மரத்தைத் தன் மேலேயே தள்ளிக்கொண்டாள் என்கிறார்கள். போலீஸ் காகிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அஜாக்கிரதையா? யாருடைய அஜாக்கிரதை? அன்று நடந்ததைச் சொல்கிறேன். நான் அங்கே இருந்தேன்.

புயல் கடந்து மூன்றாம் நாள். எண்ணூர்க் குப்பங்களில் வெள்ளம் புகுந்து அடுப்பு, சிலிண்டர் எல்லாவற்றையும் சேற்றில் புதைத்திருந்தது. முந்நூறு பேருக்குப் பொதுச் சமையல். அரிசி இருந்தது, எரிக்க ஒன்றும் இல்லை. நனையாத மரம் எங்கே கிடைக்கும்? காலடிப்பேட்டையில் பாதி பட்டுப்போன ஒரு தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து மதில் மேல் கிடந்தது. பட்டுப்போன கிளைகளுக்குள்ளே ஈரம் ஏறவில்லை. அதைத்தான் அறுக்கப் போனோம்.

காலை எட்டு மணிக்கு அக்கா மரத்தைச் சுற்றி வந்தார். தெரு அங்கே சரிவு. சரிவுப் பக்கம் ஒரு தடித்த கிளை தரையில் ஊன்றியிருந்தது. அதைக் காட்டி, "கீய்ப் பக்கம் எவளும் போவக் கூடாது. இந்தக் கெளைதான் மொத்த மரத்தையும் தாங்கிகினு கீது. யாசின் பாய் லாரில இரும்புச் சங்கிலி வருது. கட்டினப்புறம்தான் அதுங்கிட்ட போவணும்" என்றார். மேல் பக்கத்துக் கிளைகளை மட்டும் அறுத்தார். நாங்கள் பொறுக்கிக் குட்டியானை வண்டியில் அடுக்கினோம். பத்தரை மணிக்கு வண்டியில் பாதி கூட நிறையவில்லை.

என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எண்ணூரிலிருந்து. பிள்ளைகள் காலையிலிருந்து பன்னைத் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்றார்கள். நான் அக்காவிடம் போய், "அந்த ஊன்றின கெளைக்குப் பக்கத்துல சுள்ளியும் துண்டும் எவ்ளோ கீது பாருக்கா. மெஷினே வேணாம், கையாலயே இழுத்துடலாம்" என்றேன்.

"சங்கிலி வரட்டும்மா."

"எப்ப வரும்? ரோடெல்லாம் மரம் வியுந்து கீது."

"வரும்போது வரும். பசிச்சா நாளைக்கிச் சோறு போட்டுக்கலாம் சில்வியா. செத்தா யாரு போடுவா?"

சொல்லிவிட்டு மெஷினை நிறுத்தினார். பிரேக்கைப் போட்டார். பத்தடி தள்ளிக் கொண்டுபோய்த் தரையில் வைத்தார். சூடு ஆறினால்தான் பெட்ரோல் ஊற்றுவார். அது ஆறட்டும் என்று முகம் கழுவத் திரும்பினார்.

நான் கயிற்றைத் தாண்டி உள்ளே போனேன்.

ஆம், நான்தான். கீழ்ப் பக்கம் போனேன். சுள்ளிகளை இழுத்தேன், வந்தன. ஊன்றிய கிளையின் அடியில் ஒரு துண்டு செருகியிருந்தது. அது வரவில்லை. மெஷின்தான் நின்றுவிட்டதே, இனி என்ன ஆபத்து என்று நினைத்தேன். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி இழுத்தேன். துண்டு வந்தது. கிளை வழுக்கியது. மரம் முனகியதைக் கேட்டேன். ஆனால் என் கால் நகரவில்லை. பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்துத் தள்ளியது. சாக்கடை ஓரமாகப் போய் விழுந்தேன். திரும்பிப் பார்த்தபோது நான் நின்ற இடத்தில் அக்கா மேல் மரம் கிடந்தது.

எங்கள் குழு அம்முவும் மற்றவர்களும் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். ஆம்புலன்ஸ் தெருமுனை வரைகூட வர முடியவில்லை. ஷேர் ஆட்டோவில் என் மடியில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். டோல்கேட் வரை மூச்சு இருந்தது. "உனக்கு அடி கீதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அந்த வண்டி விறகை அன்று மதியமே அம்மு எண்ணூருக்கு அனுப்பிவைத்தாள். அந்த விறகில்தான் உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு வெந்தது. அதற்காக நீங்கள் யாரும் தலை குனிய வேண்டாம். குனிய வேண்டியவள் நான்.

பதினைந்து நாள் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாதா கோயிலில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முழங்காலிட்டும் வாய் வராமல் எழுந்து வந்தேன். நேற்று மாலை மதியிடம் சொன்னேன்.  அவள், "என்கிட்ட சொல்லி இன்னா அத்த? எங்கம்மா பேரு கெட்டுக் கீது. மேடைல ஏறிச் சொல்லு" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காகிதத்தை மாற்றச் சொல்லி நாளை மறுநாள் நானே கையெழுத்திட்டு எழுதிக்கொடுக்கப் போகிறேன். அவர்கள் மாற்றுவார்களா என்று தெரியாது. நீங்களாவது இன்று உங்கள் காதால் கேட்டுவிட்டீர்கள்.

பெரியோர்களே, அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று இங்கே எனக்கு முன்னால் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். எப்படித் தொடர்வது? ஒன்பது பேரில் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். இரண்டு பேரை வீட்டில் விடவில்லை. அம்முவுக்குக் கடப்பாரை நெம்பியதில் மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறது. மெஷின் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.  குப்பத்தில் இன்னமும் இருபது வீட்டுக்கு அடுப்பில்லை. எனக்கு வழி தெரியவில்லை. நிஜமாகத் தெரியவில்லை.

ஆனால் இதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். நாளைக் காலை ஏழு மணிக்கு எர்ணாவூரில், ரயில்வே சுவரோரம் விழுந்து கிடக்கும் வேப்ப மரத்தடிக்கு மெஷினோடு போவேன். தன்னந்தனியாக யாரும் மெஷினை முடுக்கக்கூடாது, கயிற்றுக்கு வெளியே இன்னொருத்தி இருந்தே ஆகவேண்டும் என்பது அக்கா வைத்த சட்டம். ஒரு சட்டத்தை நான் மீறிவிட்டேன். இதை மீறமாட்டேன். பத்து மணி வரை அங்கே உட்கார்ந்திருப்பேன். ஒருவரும் வராவிட்டால் திரும்பிவிடுவேன். மறுநாளும் போவேன்.

அறுக்கத் தெரியாதவர்கள் வந்தாலும் போதும். என்னைத் திட்ட வருகிறவர்கள் வந்தாலும் போதும்.

இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி நான் இருக்கிறேன்.