பந்திங்கில் ஓர் அண்ணன்

ரயிலில் நான் உட்கார்ந்திருப்பது பெண்கள் பெட்டி என்பது கிள்ளான் ஸ்டேஷன் தாண்டித்தான் எனக்கு உறைத்தது. எழுந்து போக வெட்கப்பட்டு, கைப்பேசிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். எதிரே துணிப்பையோடு ஒரு பெண், பக்கத்தில் அவள் தோழி. பைக்காரப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வீடில்லாதவங்க ஹோம்ல, வேல கெடைக்கிற வரைக்கும் தங்க எடம் கேட்டேன்கா. சொந்தக்காரங்க இருக்காங்களான்னாங்க. யாருமில்லன்னு சொல்ல வாய் வரல. பந்திங்ல அண்ணனுக்குப் பெரிய வீடுன்னுட்டேன்.”

“ஐயோ! அப்பறம்?”

“அப்ப அங்கயே போங்கன்னுட்டாங்க.”

“போலாம்தானே லா?”

“அம்மா சாவுக்கே என்னை உள்ள விடலக்கா அவரு. இன்னிக்கு ராத்திரியும் படுக்க பஸ் ஸ்டாப்புதான்.”

“திரும்பப் போயி உண்மையச் சொல்லேன்.”

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு?”

பிரிக்பீல்ட்ஸ் போக இருவரும் இறங்கும்போது பைக்காரப் பெண் என் பக்கம் குனிந்தாள்.

“அங்கிள், இது லேடிஸ் கோச். உங்களுக்கும் போக வேற எடமில்லையா?”