தேவமணி சிஸ்டர் நிறுத்திய பொய்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, செவிலியர் சங்கத் தலைவர் அவர்களே, துயரத்தோடு முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் கணவர் ஜெபசிங் அண்ணாச்சி அவர்களே, மணப்பாட்டிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

முப்பத்தோரு ஆண்டுகள் இந்தத் தூத்துக்குடியில் நோயுற்ற பிள்ளைகளின் தலைமாட்டில் நின்ற தலைமைச் செவிலியர் தேவமணி அம்மையார் கடந்த வியாழக்கிழமை நம்மை விட்டுப் பிரிந்தார். அதே வார்டின் மருத்துவன் நான். என் தவறு ஒன்றைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு வழியில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் மணப்பாட்டுச் சிறுமி ஷெர்லி, எட்டு வயது, டெங்கு காய்ச்சலோடு வந்தாள். காய்ச்சல் விட்டது. "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றேன். அதன்பின் அவள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பேசவில்லை. "பிள்ளை பயந்திருக்கு டாக்டரையா, மந்திரிச்சுட்டு வாரேன்" என்றார் தாய். நான் என்ன செய்தேன்? மூடநம்பிக்கை என்று சிடுசிடுத்தேன். மறுபடியும் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினேன்.

தேவமணி அம்மையார் அந்தத் தாயின் சொல்லை நம்பினார். பயந்திருக்கிறது என்றால், எதைக் கண்டு? கட்டிலருகே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்.

"பக்கத்துக் கட்டில் பிள்ளையையும் வீட்டுக்குன்னுதான சொன்னீய," என்றாள் ஷெர்லி. "மூஞ்சிய துணியால மூடில்லா கொண்டு போனாங்க."

ஆம், அந்தப் பிள்ளை இறந்துவிட்டது. எங்கே என்று கேட்ட ஷெர்லியிடம் "வீட்டுக்குப் போயிட்டா" என்றோம். இரக்கத்தில்தான் சொன்னோம். வார்டில் எல்லோரும் சொல்லிவந்த பொய் அது. அதே சொல்லை நான் சொன்னபோது அவள் காதில் என்ன விழுந்திருக்கும்?

அம்மையார் அவளிடம் உண்மையைச் சொன்னார். வார்டில் அந்தப் பொய்யை அன்றோடு நிறுத்தினார். மனநல மருத்துவரை அழைத்து வந்தார். மூன்றாம் நாள் ஷெர்லி இட்லி கேட்டாள். மறுவாரம் ஒவ்வொரு காய்ச்சல் சார்ட்டிலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு 'பயம்' என்று ஒரு கட்டம் சேர்த்தார். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அந்தக் கட்டம் நிரம்பத் தொடங்கிய பிறகுதான், எத்தனை பிள்ளைகளை உடம்பு மட்டும் தேற்றி அனுப்பியிருக்கிறோம் என்று எனக்கு உறைத்தது.

இன்று காலை, சிறுநீரக நோயோடு ஆறாம் கட்டிலில் இருக்கும் ஆமிரா, "தேவமணி சிஸ்டர் எங்க?" என்று கேட்டாள். என் வாயில் வந்தது எது தெரியுமா? "வீட்டுக்குப் போயிருக்காங்கம்மா."

ஆறு ஆண்டுகள் கற்றும் சொல்லிவிட்டேன்.

அம்மையாருக்கு நான் தரும் உறுதிமொழி ஒன்றுதான். இந்தக் கூட்டம் முடிந்ததும் நேரே வார்டுக்குப் போகிறேன். ஆமிராவிடம் நான் சொன்னது பொய் என்பேன். சிஸ்டர் இறந்துவிட்டார் என்பேன். அவள் அழுது முடிக்கும்வரை அந்தக் கட்டிலருகிலிருந்து எழுந்திருக்க மாட்டேன்.